மூன்றாவது இலை

அத்தியாயம் 5

கொட்டகை ஓட்டலில் பகல் சாப்பாட்டுக்கு இடம் பிடிக்க வேண்டுமென்றால், சாப்பிடுகிற ஒருவன் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு அவன் மோருக்கு வந்துவிட்டானா என்று எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். விழுப்புரம் ஜங்ஷனில் இறங்குகிற கூட்டத்துக்கே அந்த ஓட்டல் தாளாது. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணத்தை விட்டு ஓடிவந்தவர்களும் இரண்டு மாதமாக அங்கேதான் சாப்பிட்டார்கள். ஜன்னல் கண்ணாடிகளில் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தது. வெளியே வைகாசி வெயில் கொளுத்தியது. உள்ளே சாவு வீட்டு இருட்டு.

அந்த இருட்டில் உட்கார்ந்து இருதயராஜ் எதிரே இருந்தவன் சோறு பிசைவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பெயர் ராஜாமணி. பத்து நாளைக்கு முன்னால் ஓமந்தூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் போய் நின்று, செண்பகம் என்கிற பெண்ணின் கையில் அகலமான பச்சை பெல்ட் ஒன்றைக் கொடுத்தவன். “உங்க வூட்டுக்காரரு பெரியசாமி பினாங்குல குண்டு விழுந்து போயிட்டாரும்மா. மார்கழி பொறக்கறதுக்கு முன்னாலயே. நான் பக்கத்துல இருந்தேன்” என்று சொன்னவன். இன்று இரண்டரை மணி வண்டிக்குத் தஞ்சாவூர்ப் பக்கம் போகிறான். போனால் போனதுதான்.

நாளைக் காலை கருமாதி. செண்பகத்தின் கழுத்திலிருந்து தாலியை எடுத்துவிடுவார்கள். குழந்தை இல்லாதவள் என்பதால் மறுநாளே தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுவதாகவும் ஏற்பாடு. அவளைத் தவிர எல்லோருக்கும் அது சரியாகப் பட்டது.

அவள் திண்டிவனத்துக்கு வந்து கோதண்டபாணியிடம் சொன்னது ஒரே விஷயம். “என் வூட்டுக்காரரு பன்னெண்டு வருஷமா தீவுல இருந்து கடுதாசி போட்டாரு. அதுல இன்னா எழுதியிருந்தாரோ அதைத்தான் இந்த ஆளு சொல்றாரு. அதுக்கு மேல ஒரு வார்த்தை இல்லீங்க. பக்கத்துல இருந்தவரு கடுதாசியில இல்லாத ஒண்ணாவது சொல்ல வேணாமா?”

போலீஸ் சப் இன்ஸ்பெக்டர் வேலையை மேலதிகாரி முகத்தில் விட்டெறிந்துவிட்டு வந்து தனியாகத் துப்பறிகிற கோதண்டபாணி அதைக் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தால் யாருக்கோ கெட்ட காலம் என்று இருதயராஜுக்குத் தெரியும். ரயில்வே ஷெட்டில் கரி அள்ளிக்கொண்டிருந்தவன் அவரோடு சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது.

செண்பகம் இன்னொன்றும் கொண்டுவந்திருந்தாள். பெல்ட்டின் உள்பையில் கிடந்த காய்ந்த வெற்றிலைப் பொட்டலம். அதைப் பற்றி வீட்டில் யாரிடமும் அவள் சொல்லவில்லை. மஞ்சளில் தோய்த்த வாழைநாரால் அதைக் கட்டியிருந்தது. கோதண்டபாணி மோந்து பார்த்தார். இருதயராஜ் மோந்து பார்க்கவே இல்லை.

“சார், இது கொட்டகை ஓட்டல் வெத்திலை. விழுப்புரம். சாப்பிட்டு முடிச்சு வெளிய வர்றவனுக்கெல்லாம் குடுப்பான். மஞ்ச நாரு ராசின்னு முதலாளிக்கு யாரோ ஜோசியன் சொல்லிட்டான்.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“வேலை இல்லாத காலத்துல பசிச்சா அந்த வாசல்ல நின்னு மோந்துக்கினு இருப்பேன் சார்.”

அப்படித்தான் இன்று ஐந்து பேரும் இங்கே வந்திருந்தார்கள். செண்பகம் பெண்களுக்கென்று தட்டி கட்டி மறைத்த பக்கத்தில் இருந்தாள். தட்டிக்கு இந்தப் பக்கம் ஒரே மேஜையில் கோதண்டபாணி, இருதயராஜ், ராஜாமணி. நாலாவது ஆள் சின்னக்கண்ணு. பெரியசாமியின் அண்ணன். கிராமத்தில் நாலு பேர் மதிக்கிற குடியானவர். தம்பி போன துக்கத்தில் பத்து நாளாகத் தாடி வளர்த்திருந்தார்.

இந்த ஓட்டல் வேண்டாம் என்று அவர்தான் சொல்லிப் பார்த்தார். “நமக்கு ஓட்டல் சோறு பழக்கமில்லீங்க. இதுவரைக்கும் ஒரு வேளை சாப்பிட்டதில்லை. சத்திரத்துல பொங்கித் தின்னுடலாம்.”

“சாட்சி சொன்ன மனுஷன் ஊருக்குப் போறாரு. ஒரு வேளை நல்ல சோறு போட்டு அனுப்பலாம்னுதான்” என்றார் கோதண்டபாணி. “நானும் ரெண்டு கேள்வி கேட்டுட்டுத் திருப்தியா உட்டுடுவேன். உங்க தம்பி பெண்டாட்டி மனசும் ஆறும்.”

அதற்கு மேல் மறுத்தால் நன்றாக இருக்காது. வந்துவிட்டார்.

கேள்விகள் சாம்பாரில் ஆரம்பித்தன.

“இதுக்கு முன்னாடி விழுப்புரம் வந்திருக்கீங்களா ராஜாமணி?”

“கால் வச்சதே இல்லைங்க. கப்பல் பட்டணத்துல இறக்கி உட்டுச்சு. அங்க காய்ச்சல்ல கெடந்தேன். அப்புறம் பஸ் புடிச்சுத் திண்டிவனம். இன்னிக்குத்தான் இந்த ஊரைப் பாக்குறேன்.”

“பெரியசாமி கடை நல்லா ஓடுச்சோ?”

“ஓடுச்சாவா? துறைமுகத்துக்குப் பக்கத்துல ரெண்டு கதவு கடைங்க. வெள்ளிக்கிழமை மீன் கொழம்புன்னா தீவே வந்துடும். சீனாக்காரனெல்லாம் வரிசையா நிப்பான். எச்சில் இலை எடுக்கவே தனியா ஒரு ஆளு.”

“சீனாக்காரன் நம்ம சோத்தைக் கையால சாப்பிடுவானா, குச்சியாலயா?” என்று கேட்டான் இருதயராஜ். அப்பளத்தை நொறுக்கியபடி விளையாட்டாகத்தான் கேட்டான்.

ராஜாமணியின் கை வாய்க்குப் போகும் வழியில் நின்றது.

“அது… கவனிக்கலைங்க.”

“இத்தனை வருஷமா கவனிக்கலையா?”

“நான் என் இலையைத்தான் பாப்பேன்.”

“நல்ல பழக்கம். என் கூடப் பொறந்தவனுங்க எல்லாம் என் இலையைத்தான் பாப்பானுங்க.”

சின்னக்கண்ணு சிரிக்கவில்லை. “துக்கத்துல இருக்கோம் தம்பி. கொஞ்சம் பாத்துப் பேசு” என்றார். இருதயராஜ் வாயை ரசத்தால் அடைத்துக்கொண்டான். கோதண்டபாணி மேலே ஒன்றும் கேட்கவில்லை. குண்டு எப்படி விழுந்தது, பிணத்தை யார் எடுத்தது, கப்பலில் இடம் எப்படிக் கிடைத்தது என்று எதையும் கேட்கவில்லை. மோர் ஊற்றிக் குடித்து ஏப்பம் விட்டார். இருதயராஜ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். மணி இரண்டாகப் போகிறது. இந்த மனுஷன் நிஜமாகவே சோறு போட்டு அனுப்பத்தான் வந்தாரா?

ராஜாமணி இலையை மடித்தான்.

கொட்டகை ஓட்டலில் ஒரு சட்டம் உண்டு. சாப்பிட்ட இலையைச் சாப்பிட்டவனே எடுக்கவேண்டும். யார் இலையை யார் எடுப்பது என்று ஜங்ஷன் ஓட்டலில் ஆரம்பித்தால் அது சாதிச் சண்டையில் முடியும். முதலாளி கெட்டிக்காரர். அவனவன் எச்சில் அவனவனுக்கு என்று தீர்த்துவிட்டார். கவர்னரே வந்தாலும் கையில் இலையோடு நடக்கவேண்டியதுதான்.

எடுப்பது பெரிதில்லை, எங்கே போடுவது என்பதுதான் வம்பு. கூடத்தின் கோடியில் பெரிய கதவு ஒன்று திறந்தே கிடக்கும். அதன் வழியே தண்ணீர்த் தொட்டி தெரியும். புதிதாக வருகிற எவனும் இலையோடு நேரே அங்கே போவான். அது சமையல்கட்டு. உள்ளே போனவன் அம்மா அக்காவைச் சேர்த்துத் திட்டு வாங்கிக்கொண்டு திரும்புவான். இலைத்தொட்டி வலது பக்கம், அரிசி மூட்டை அடுக்குக்குப் பின்னால், தொங்குகிற சாக்குத் திரைக்கு அந்தப்புறம் இருந்தது. சானிடரி இன்ஸ்பெக்டர் கண்ணில் படக்கூடாது என்று முதலாளி அப்படி ஒளித்து வைத்திருந்தார். காசு சேர்த்துக்கொண்டு இங்கே சாப்பிட வந்த முதல் மூன்று தடவையும் இருதயராஜே சமையல்கட்டுக்குள் போய்த் திட்டு வாங்கியிருக்கிறான்.

ராஜாமணி எழுந்தான். திறந்து கிடந்த கதவை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூட்டைகளுக்கும் சுவருக்கும் நடுவே உடம்பை ஒருக்களித்து நுழைந்தான். கை எச்சிலாக இருந்ததால் முழங்கையால் சாக்கை ஒதுக்கினான். இலை தொட்டியில் விழும் சத்தம் கேட்டது.

இன்றைக்குத்தான் இந்த ஊரைப் பார்க்கிறவன்!

இருதயராஜ் மேஜைக்கடியில் கோதண்டபாணியின் காலை மிதித்தான். அவர் அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளாமல் தன் இலையை எடுத்துக்கொண்டு நேரே சமையல்கட்டுக்குள் போனார்.

“யோவ் பெரியவரே! எச்சிலை எடுத்துக்கினு எங்கய்யா போறே? கண்ணு இன்னா முதுகுலயா இருக்குது?” சர்வர் முருகையனின் குரல் ஸ்டேஷன்வரை கேட்டிருக்கும். “ஒரு நாளைக்கு நூறு பேருக்கு இதே பேஜாரு. மூட்டைக்குப் பின்னால போய்யா!”

கோதண்டபாணி அசடு வழியத் திரும்பி வந்து மூட்டை அடுக்கைச் சுற்றிப் போனார். கை கழுவிவிட்டு அவர் வந்தபோது சின்னக்கண்ணுவும் ஈரக்கையைத் துண்டில் துடைத்தபடி வந்து உட்கார்ந்துவிட்டிருந்தார்.

“வண்டிக்கு நேரமாவுது” என்றான் ராஜாமணி.

“இருங்க. வெத்திலை போட்டுக்கினு போலாம்.” கோதண்டபாணி முருகையனைக் கூப்பிட்டார். திட்டு வாங்கியவரே கூப்பிடுகிறாரே என்று அவன் கொஞ்சம் முறைப்பாகத்தான் வந்தான். “முருகையா, கோவிச்சுக்காதே. நான் ஒருத்தன்தான் இப்படியா? உங்க ஓட்டல்ல இலையை எடுக்கவே மாட்டேன்னு எவனாவது சொன்னதுண்டா?”

முருகையன் சிரித்தான். “ஒரே ஒருத்தருதாங்க. ஜென்மத்துக்கும் மறக்கமாட்டேன்.”

“யாரு?”

“மூஞ்சியை யாருங்க பாத்தா? இங்க ஒரு வேளைக்கு முன்னூறு மூஞ்சி. எனக்கு இலைதான் தெரியும். ஆனா அந்தாளு இடுப்பைப் பாத்தேன். இம்மாம் அகலம் பச்சை பெல்ட்டு. சாப்பிட்டாரு, இலையை மடிச்சாரு, எழுந்துட்டாரு. இலையை எடுய்யான்னேன். ‘தீவுல எனக்கே கடை இருக்குது. என் கடையில சாப்பிட வந்தவன் இலையைத் தொட்டா எனக்குக் கேவலம். அதுக்குன்னு ஒரு ஆளே வச்சிருக்கேன். நீயும் வையி’ன்னாரு. எனக்கே புத்தி சொல்றாருங்க!”

தட்டிக்கு அந்தப் பக்கம் ஏதோ சொம்பு உருண்டது.

“இது எப்போ?” கோதண்டபாணியின் குரல் மாறவே இல்லை.

“மயானக் கொள்ளை அன்னிக்கு. மேல்மலையனூர் போற கூட்டம் அப்படியே அடைச்சிக்கினு நின்னுச்சு, அதான் ஞாபகம். அதுக்கு மறுநாள் சிங்கப்பூரு ஜப்பான்காரன் கைக்குப் போச்சுன்னு ரயில்காரங்க பேசிக்கினாங்க. தீவுக்காரரு நேரத்துல தப்பிச்சு வந்துட்டாருடான்னு நெனைச்சேன்.”

மயானக் கொள்ளைத் திருவிழா மாசியில். பெரியசாமி செத்ததாகச் சொன்னது மார்கழிக்கு முன்னால். கணக்குப் போடாமலே இருதயராஜுக்குப் பொய் புரிந்தது.

செண்பகம் தட்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றாள். ஆண்கள் சாப்பிடுகிற இடம் என்பதையெல்லாம் அவள் நினைக்கவில்லை. முந்தானை தோளிலிருந்து நழுவியிருந்தது. “வந்தாரா? அவரு வந்தாரா இங்க?” என்று கேட்டாள். அந்த முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்க்க இருதயராஜுக்குச் சந்தோஷமாக இருந்தது. ஜெயித்துவிட்டோம், ஆள் உயிரோடு இருக்கிறான் என்றே நினைத்தான். கோதண்டபாணியைத் திரும்பிப் பார்த்தான். அவர் முகத்தில் அந்தச் சந்தோஷம் இல்லை.

சின்னக்கண்ணு பாய்ந்து எழுந்து ராஜாமணியின் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். “பாவி! என் தம்பி செத்துட்டான்னு பொய்யா சொன்னே? அவனை இன்னாடா பண்ணே? பெல்ட்டை எங்கடா திருடினே?”

ராஜாமணி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தான். வலியைக் காட்டிலும் ஆச்சரியம்தான் அவன் கண்ணில் அதிகமாக இருந்தது. வாசல் பெஞ்சில் வேட்டி சட்டையோடு மோர் குடித்துக்கொண்டிருந்த ஒருவர் டம்ளரை வைத்துவிட்டு வந்து கதவை மறித்து நின்றார். டவுன் ஏட்டு. காலையில் கோதண்டபாணி போய்ப் பேசிவிட்டு வந்தது இவரிடம்தான் போலிருக்கிறது.

“புடிங்க ஏட்டய்யா, உடாதீங்க!” என்று சின்னக்கண்ணு கத்தினார்.

“புடிக்கலாம்” என்றார் கோதண்டபாணி. “முருகையா, நீ சொன்னது பாதியில நிக்குது. அந்தாளு இலையை எடுக்கலை. அப்புறம் யாரு எடுத்தா? நீயா?”

“நான் ஏங்க எடுக்கறேன்? மூணு பேரா வந்தாங்க. ஒருத்தன் தன் இலையோட முன்னாடியே சமையல்கட்டுல போய் வாங்கிக் கட்டிக்கினு, அப்புறம் மூட்டைச் சந்துல போனான். இன்னொருத்தரு அண்ணங்காரரு. அவருதான் சண்டை வேணாம்னு சமாதானம் பண்ணாரு. ‘என் தம்பி எச்சில்தானே, எனக்கு இன்னா கேவலம், நானே எடுக்கறேன்’னு தன் இலையோட அந்த இலையையும் எடுத்துக்கினு போனாரு. பாக்கவே நல்லா இருந்துச்சுங்க. நம்ம கூடப் பொறந்ததுங்களும் இருக்குதே.”

பக்கத்து மேஜையில் சோறு கேட்டவன்கூடக் கையை நீட்டியபடி அப்படியே இருந்தான்.

“அண்ணன்னா ஆயிரம் அண்ணன்” என்றார் சின்னக்கண்ணு. குரல் தேய்ந்திருந்தது. “அவன் எவனையாவது அண்ணன்னு கூப்பிட்டிருப்பான்.”

“கூப்பிட்டிருக்கலாம். ஆனா இதுவரைக்கும் ஓட்டல்ல ஒரு வேளை சாப்பிடாதவர் நீங்க. நான் போலீஸ்ல இருந்தவன், கண்ணு தெரியும், அப்படியும் சமையல்கட்டுல போய்த் திட்டு வாங்கினேன். வேணும்னேதான் வாங்கினேன். எல்லாரும் என்னைப் பாத்தாங்க. நான் உங்களைப் பாத்தேன். நீங்க கைல இலையோட எழுந்தீங்க, யாரையும் ஒரு வார்த்தை கேக்கலை, முருகையன் மூட்டைன்னு கத்தறதுக்கு முன்னாலயே நேரா சாக்கை ஒதுக்கிட்டுப் போனீங்க.”

இருதயராஜ் நாக்கைக் கடித்துக்கொண்டான். ராஜாமணியைப் பார்ப்பதிலேயே அவன் குறியாக இருந்தான். ஈரக்கையோடு வந்து உட்கார்ந்த பெரிய மனிதரை யார் நினைத்தார்கள்!

“இன்னும் ஒண்ணு.” கோதண்டபாணி செண்பகத்தின் பக்கம் திரும்பினார். “கடுதாசியில இருந்ததைத்தான் இவன் சொல்றான்னு சொன்னியேம்மா. நீ படிக்கத் தெரியாதவ. அந்தக் கடுதாசிங்களை உனக்கு யாரு வாசிச்சுக் காட்டினா?”

செண்பகம் சின்னக்கண்ணுவைப் பார்த்தாள். பன்னிரண்டு வருஷம் அவள் வாசலில் வந்து நின்று, புருஷன் பேச்சைத் தன் வாயால் படித்துச் சொன்னவர்.

“தான் வர்றேன்னு பெரியசாமி போட்ட கடைசிக் கடுதாசியை மட்டும் இவரு உனக்கு வாசிக்கலை” என்றார் கோதண்டபாணி. “தம்பி தீவுல இருந்து அனுப்பின பணத்துல எல்லாம் நிலம் வாங்கினாரு, அத்தனையும் தன் பேர்ல. பத்திர ஆபீசுல பாத்துட்டேன். வந்தவன் பத்திரத்தைக் காட்டுன்னு கேப்பான். வழியிலயே முடிச்சாச்சு. அப்புறம் நீ ஒருத்தி பாக்கி. சுமங்கலியா அந்த வூட்ல இருக்கற வரைக்கும் நீயும் பங்கு கேப்பே. அதுக்குத்தான் தீவுல ஒரு சாவு வேண்டியிருந்தது. குண்டு விழுந்து செத்தவனை விழுப்புரத்துல எவன் தேடுவான்?”

சின்னக்கண்ணு பெஞ்சில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவிதம் மூட்டையை இறக்கி வைத்ததுபோல் இருந்தது. வாயைத் திறந்தது ராஜாமணி. அறை வாங்கிய கன்னம் அவனைப் பேசவைத்தது.

“நான் தீவையே பாத்ததில்லைங்க. செஞ்சிப் பக்கம் வண்டிக்காரன். கூண்டு வண்டி ஓட்டினது மட்டுந்தான் நானு. வந்த கையோட அங்காளம்மனைப் பாத்துட்டுப் போலாம்னு இவருதான் தம்பியை அந்த வழியா கூப்பிட்டாரு. பனமலை ஏரிக்கரையில வண்டியை நிறுத்தச் சொன்னாரு. மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வந்தேன். அதுக்குள்ள ஆயிருச்சு.” அவன் விம்மினான். “பள்ளம் மட்டும் நான் வெட்டினேங்க. மூணாவது பனையடியில.”

செண்பகத்தின் முகத்தில் கால் மணி நேரம்கூட நிற்காத அந்த வெளிச்சம் போய்விட்டது. கத்துவாள், மார்பில் அடித்துக்கொள்வாள் என்று ஏட்டுகூட ஒதுங்கி நின்றார். செண்பகம் நழுவிய முந்தானையை எடுத்து இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“நாளைக்குச் சொந்தக்காரங்க எல்லாம் வருவாங்க. வரட்டும்” என்றாள். “கருமாதி கிடையாது. அவரை வெளிய எடுத்து என் கண்ணால பாக்கற வரைக்கும் தாலியில எவனும் கை வைக்கக் கூடாது. இவரைக் கொண்டாந்து வாசல்ல நிறுத்துங்க. எனக்கு வாசிச்சுக் காட்டின வாயாலயே எல்லார் முன்னாடியும் சொல்லட்டும்.”

“ஆவட்டும்மா” என்றார் ஏட்டு. ஜல்தியாகக் கயிறு கொண்டுவரச் சொல்லி முருகையனைப் பார்த்துக் கை காட்டினார். முருகையன் நகரவில்லை. தான் சொன்ன கதை என்ன செய்துவிட்டது என்று அவனுக்கு அப்போதுதான் புரிந்துகொண்டிருந்தது.

செண்பகம் அவன் எதிரே போய் நின்றாள்.

“அண்ணே. அன்னிக்கு அவரு வயிறு நிறைய சாப்பிட்டாரா?”

முருகையன் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்ததுபோல் இருந்தது. பிறகு தலையை ஆட்டினான்.

“இல்லைம்மா. நான் அள்ளிப் போட்டப்போ கையை மறிச்சுட்டாரு. கொஞ்சமா வையி, நாளைக்கு வூட்டுல போய் சாப்பிடணும்னாரு.”